காப்பித் தோட்டத்து பங்களா

தருமபுரியிலிருந்து ஏற்காடு போகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நான் இன்று பேசப்போவது அங்குள்ள பழைய காப்பித் தோட்டத்து பங்களாக்களைப் பற்றி.

1820களில் சேலம் ஜில்லா கலெக்டராக இருந்தவர் எம். டி. காக்பர்ன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் அவர். அவருடைய கிரேஞ்ச் தோட்டத்து வீடு ஏற்காட்டின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. 1857 கிளர்ச்சிக்குப் பயந்து அதைக் கோட்டைபோலப் பலப்படுத்தினார்கள்.

இத்தகைய பங்களாக்களின் வேலைப்பாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். முழத்துக்கு மேல் அகலமான சுவர், பகல் வெயிலையும் இராக் குளிரையும் சட்டென்று உள்ளே விடாது. சுற்றி ஓடும் வராந்தா சாரலைத் தன்மேல் வாங்கிக்கொண்டு சுவரைக் காக்கும். பங்களா என்ற சொல்லே வங்காளத்துக் குடிசையிலிருந்து வந்தது. கல்லும் சுண்ணாம்பும் கொத்தனார் கையும் நம்முடையவை. கூடத்துக் கணப்பும் அதன் புகைபோக்கியும்தான் சீமைச் சரக்கு!

காப்பி வருவதற்கு முன்பே அந்த மலையில் வீடு கட்டியவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். அரூர் பக்கம் சித்தேரி மலையில் இருப்பவர்களும் அவர்கள் இனத்தார்தான். மூங்கில் பிளாச்சுத் தட்டி, மேலே மண்பூச்சு, புல் கூரை. மலையில் கிடைத்ததை வைத்தே மலைக்கேற்ற வீடு. இதையும் கட்டடக்கலைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு: தோட்டக் கூலிகள் குடியிருந்த லயன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். பங்களா அத்தனை விசாலமாக இருந்ததற்கு இந்த நெருக்கடிதான் விலை.

தோட்டத்தில் உழைத்தவர்களை முதலில் நிறுத்திய இடமும் உண்டு: அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி என்றொரு பழைய கரும்புத் தோட்டம். 2014-ல் அதை அருங்காட்சியகமாகத் திறந்தபோது, அங்கே உழைத்த அடிமைகளின் வாழ்க்கையைத்தான் முதலில் வைத்தார்கள். அவர்கள் பெயர்களைக் கல்லில் வெட்டி நிறுத்தினார்கள். பெரிய வீடு அதற்குப் பிறகுதான்.

நம் மலைகளிலும் அந்த வரிசை வர வேண்டும். பங்களாவுக்குப் படம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. லயனுக்கு ஞாபகம் மட்டுமே. உங்கள் வீட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால், அந்த அறை எத்தனை அடி, அதில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.