கரண்ட் போனா போனும் போச்சு

(கும்மிடிப்பூண்டியில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



கணக்கு நோட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசிடுவோம். வாடகை குறையுதுன்னு நம்ம அலுவலகத்துல பழைய கம்பி போனை எடுத்துட்டு, இணைய வழி போன் வச்சோம். முடிவு பண்ணினது நாமதான். தீர்மான நோட்டுல நம்ம எல்லார் கையெழுத்தும் இருக்கு.

போன மழைக்காலத்துல ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. சிப்காட்டில் நாம் சாப்பாடு கொடுக்கும் கம்பெனியிலிருந்து, "நாளைக்கு ஷிப்ட் இல்லை, சாப்பாடு வேண்டாம்" என்று சொல்ல அடித்திருக்கிறார்கள். அவர்களிடம் இருந்தது அலுவலக எண் மட்டும்தான். இங்கே மணியே அடிக்கலை. சமையல் குழு விடியக்காலை 4 மணிக்கு எழுந்து 80 பேருக்குச் சாம்பார் சாதம் கிளறி, ஆட்டோவில் ஏற்றிப் போய், பூட்டின கேட்டைப் பார்த்துட்டு வந்தாங்க.

ஏன் இப்படி? பழைய செம்புக்கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும். அங்கே பேட்டரி இருக்கும். நம் வீடு இருட்டானாலும் போன் பேசும். இப்போது வருவது கண்ணாடி இழை. அதில் ஒளிதான் ஓடும், மின்சாரம் வராது. மோடத்துக்கு நம் வீட்டுக் கரண்ட் வேணும். அதோடு, நெட் இழுத்தால் குரலும் விட்டு விட்டுத்தான் கேட்கும்.

இணையம் வழியாக எந்த எண்ணுக்கும் பேச நம் நாட்டில் 2018-ல்தான் முழுசாக வழி பிறந்தது. செலவு குறைவு, அதை மறுக்கலை. ஆனா 2016 டிசம்பர் 12 வர்தா புயலை மறந்துட்டோமா? கரண்ட் கம்பம் சாய்ந்தது, செல்போன் கோபுரமும் ஊமையாச்சு. ராத்திரியில் பிரசவ வலி வந்து 108-க்கு அடிக்க வேண்டியவளுக்கு மலிவு எதுக்கு ஆகும்?

மோடத்துக்கென்றே சின்ன யூபிஎஸ் கடையில் கிடைக்கிறது. அடாப்டரில் எத்தனை வோல்ட் போட்டிருக்கு என்று பார்த்து வாங்கணும், பெரும்பாலும் 12 இருக்கும். தெருவில் இருக்கிற அவங்க பெட்டிக்கும் பேட்டரி உண்டா என்று கேளுங்க. அங்கே இல்லைன்னா நம்ம யூபிஎஸ் மட்டும் எரிஞ்சு என்ன பிரயோசனம்?

வீட்டுக்குப் போனதும் மெயின் சுவிட்சை அணைச்சுட்டு, செல்லிலிருந்து உங்க வீட்டு எண்ணுக்கு அடிச்சுப் பாருங்க. ஆர்டர் கொடுக்கிற கம்பெனிகளுக்கு ஊக்குநர், பிரதிநிதி ரெண்டு பேர் செல் எண்ணையும் இந்த வாரமே எழுதிக் கொடுத்துடுவோம்.

சரி, சமையல் குழு ஊக்குநர் அந்த 80 சாப்பாட்டு நஷ்டத்தைப் படிக்கட்டும்.