இரும்புக் கையும் கூத்துக் களரியும்



சிறுவர் கையில் இருக்கும் மெல்லிய படப் புத்தகத்தை நூல் என்று சொல்லப் பெரியோர் பலர் கூசுவர். ஆயினும் ஒரு தலைமுறையின் கற்பனைக்கு உணவாக இருந்த பொருள் எதுவோ, அதன் வரலாறும் அறியத்தக்கதே. காமிக்ஸ் என நாம் வழங்கும் சித்திரக்கதைகளுள், அதிமானுட ஆற்றல் படைத்த வீரர்களைப் பற்றியவை எங்கே தோன்றின, எவ்வாறு தமிழுக்கு வந்தன, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் நமக்கு அவை ஏன் அந்நியமாகத் தோன்றவில்லை என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வகைக் கதைகளுக்குப் பிறப்பிடம் அமெரிக்கா. 1936-ஆம் ஆண்டு லீ பாக் என்பவர் முகமூடி அணிந்த வேதாளனைச் செய்தித்தாள்களில் உலவவிட்டார். 1938-இல் ஜெர்ரி சீகல் எழுத, ஜோ சூஸ்டர் வரைய, சூப்பர்மேன் தோன்றினான். இவ்விருவரும் அப்போது இருபத்து நான்கு வயதும் நிரம்பாத இளைஞர்கள். வேலையின்மையும் வறுமையும் நாட்டை வாட்டிய காலம் அது. எளியவருக்கு இரங்கும் வலியவன் ஒருவன் வரமாட்டானா என்ற ஏக்கமே அவ்வீரனுக்கு உடலும் உயிரும் ஆயிற்று எனலாம்.

இந்தியாவில் 1964-இல் பம்பாயிலிருந்து இந்திரஜால் காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. பின்னர் தமிழிலும் வந்து, வேதாளனை நம் சிறுவருக்கு அறிமுகம் செய்தது. எனினும் தமிழ்ச் சிறுவர் உள்ளத்தில் நீங்கா இடம் பெற்றவன் அமெரிக்க வீரன் அல்லன், இங்கிலாந்திலிருந்து வந்தவன். வேலியண்ட் என்னும் ஆங்கில வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய கதை ஒன்றனை, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். அதனைச் சிவகாசியில் தொடங்கப்பெற்ற முத்து காமிக்ஸ் 1972-இல் தன் முதல் இதழாகத் தமிழில் தந்தது. அக்கதையே இரும்புக்கை மாயாவி. 1984-இல் லயன் காமிக்ஸ் தோன்றி, ஸ்பைடர் என்னும் மற்றொரு விசித்திர வீரனைக் கொணர்ந்தது. சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல், பிற்காலத்தில் இந்த ஸ்பைடருக்கும் கதை எழுதினார் என்பது பலரும் அறியாத செய்தி.

சிவகாசியில் அச்சான இதழ்கள் கடல் கடந்து நம் நாட்டுக்கு வருதல் எப்போதும் எளிதாக இருந்ததில்லை. 1970-களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1977-க்குப் பின் அந்நிலை தளர்ந்தது. கிடைத்தற்கு அரிய பொருள் கைமாறிக் கைமாறியே வாழும். ஒரு புத்தகம் பத்து வீடுகளுக்குச் சென்று, அட்டை கிழிந்து, ஊசி நூலால் தைக்கப்பட்டு மீண்டும் பயணம் புறப்படும். உரியவர் யார் என்பதே மறந்துபோகும்.

இனி, இக்கதைகளின் கவர்ச்சி எங்கே உள்ளது? மாயாவியையே எடுத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் பணி செய்தவன். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்தப்பெற்றவன். மின்சாரம் உடலிற் பாய்ந்தால் உருவம் மறைந்துவிடும். ஆனால் அந்த இரும்புக் கை மட்டும் மறையாது! அந்தரத்தில் ஒரு கை மிதந்து வருகின்றது, கதவைத் திறக்கின்றது, பகைவன் கழுத்தை நெருங்குகின்றது. ஆற்றலும் நெடுநேரம் நில்லாது. தக்க வேளையில் மின்சாரம் கிடைக்காவிடின் அவன் பிடிபடுவான். எல்லாம் வல்லவனுடைய கதையில் நமக்கு வியப்பு உண்டு, அச்சம் இல்லை. ஒரு குறையோடு போராடுகின்றவன் கதையிலோ ஒவ்வொரு பக்கத்தையும் நெஞ்சு படபடக்கத் திருப்புகின்றோம். மேலும், மாயாவி தொடக்கத்தில் தீயவழி சென்று, பின் நல்வழிக்குத் திரும்பியவன். ஸ்பைடரும் குற்றவாளிகளுக்கு அரசனாக விரும்பி, பின்னர் அவர்களுக்கே கூற்றுவன் ஆனவன்.

இத்தகைய வீரர்களை நாம் முன்பே அறிவோம். அறுவடை முடிந்த ஓய்வுக் காலத்தில், படுவான்கரைச் சிற்றூர்களிலே வட்டக் களரி அமைத்து விடிய விடிய ஆடப்பெறும் வடமோடிக் கூத்தில் அவர்கள் வருகின்றனர். கர்ணன் கவசத்தோடும் குண்டலத்தோடும் பிறந்தவன். அவை உள்ளவரை அவனை வெல்வார் இல்லை. அவற்றைக் கொடையாக இழந்த பின்னரே அவன் கதை நம் கண்ணில் நீரை வருவிக்கின்றது. பிழையான பக்கத்தில் நின்ற பெருவீரன் அவன். ஆற்றலும் அதற்கு ஓர் எல்லையும், வீரமும் அதனுள் ஒரு குற்றமும் என்ற இந்த அமைப்பை, கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

தோற்றத்திலும் இவ்வொற்றுமை உண்டு. கரப்புப் போல் விரிந்து நிற்கும் உடுப்பு, ஒளிரும் முடி, கையில் வில் அல்லது வாள் ஆகியவற்றைக் கண்டவுடன், தொலைவில் இருப்பவரும் வருகின்றவன் அரசன் என அறிவர். அண்ணாவியாரின் மத்தள ஒலிக்கு ஆடி வந்து, தான் இன்னான் என்று பாடியறிவிப்பது அவன் வரவு. சித்திரக்கதை வீரனுக்கும் மாறாத உடையும் சின்னமும் உள. அவன் முதன்முதலாகத் தோன்றும் பெரிய கட்டம் அவனது வரவே. களரியில் தாளம் செய்யும் வேலையைத் தாளில் கட்டங்களின் அளவு செய்கின்றது.

இவை பிள்ளைகளைக் கெடுக்குமே என்ற கவலை புதிதன்று. 1954-இல் அமெரிக்க மனநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்தம் இதனைப் பெரும் நூலாகவே எழுதினார். அவ்வாண்டே பதிப்பாளர்கள் தமக்குத் தாமே கட்டுப்பாட்டு விதிகள் வகுத்தனர். அடுத்த ஆண்டு இங்கிலாந்து சட்டமே இயற்றிற்று. குறைகள் இல்லையென்று நானும் கூறமாட்டேன். ஆப்பிரிக்கக் காட்டு மக்களுக்கு வெள்ளையன் ஒருவனே காவலனாக வேண்டும் என்ற வேதாளன் கதையின் எண்ணம் குடியேற்ற ஆட்சிக் காலத்தின் நிழல். இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது நம் கடமை. ஆனால் பாடப் புத்தகத்தை விரும்பாத சிறுவன் ஒருவன், யாரும் ஏவாமல், முதல் எழுத்திலிருந்து இறுதி எழுத்துவரை தமிழ் படித்தான் எனின், அவனைப் படிக்க வைத்தது எது என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

கூத்துக்கும் இத்தகைய இகழ்ச்சி நேர்ந்தது. படிப்பறியாதார் ஆட்டம் என்று கற்றோர் ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதன் அருமையை உணர்ந்து, 1962-இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போரை மேடையேற்றினார். மாயாவி ஆங்கிலத்தில் பிறந்த ஆண்டும் அதுவே என்பது இனியதோர் இசைவு. பின்னர்ப் பேராசிரியர் சி. மௌனகுரு அக்கலையை விரிவாக ஆராய்ந்து நூல் செய்தார். மதிப்பாரைப் பெற்ற பின்னரே அது கற்றோர் அவையில் கலையாயிற்று.

பழைய சித்திரக்கதைகளுக்கு அத்தகைய மதிப்பு வரும்வரை அவை எஞ்சியிருக்குமா என்பதே கேள்வி. அவை அச்சானது மட்டமான தாள். சில ஆண்டுகளிலேயே பழுத்து நொறுங்கும். வாவிக் காற்றின் ஈரமும் கறையானும் அதனை விடுவதில்லை. 1978 நவம்பர் 23-இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பில் கூரைகளைப் பெயர்த்தது. 2004 டிசம்பர் 26-இல் கடற்கோள் கல்லடி முதலிய ஊர்களுள் புகுந்தது. இடையில் நெடிய போரும் இடப்பெயர்வும். அரிசியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் படக்கதைப் புத்தகத்தை எடுத்துச் செல்லவில்லை என்று யார் குறை கூற முடியும்?

எஞ்சியவற்றையேனும் காப்பது நம் கையில் உள்ளது. சிவகாசிப் பதிப்பாளர் பழைய கதைகள் சிலவற்றை மறுபதிப்புச் செய்துள்ளனர். ஆயினும் நம் ஊர்க் கைகளில் தவழ்ந்த பிரதிகள், ஓரத்தில் எழுதிய பெயரும் தைத்த நூலுமாக, நம் வாசிப்பு வரலாற்றுக்குச் சான்றாக நிற்பவை. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் முயற்சி, சிதறிய ஏடுகளையும் காக்க இயலும் என்பதைக் காட்டியுள்ளது. ஆகவே நேயர்களே, பரணில் கிடக்கும் பழைய புத்தகக் கட்டினைக் கச்சான் சரை சுற்றக் கொடுக்குமுன் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். முகமூடி வீரன் ஒருவன் அங்கே இருப்பின், உங்கள் பேரப்பிள்ளையை அருகழைத்து அவனுக்கு அறிமுகம் செய்யுங்கள். பின்னர் ஊர் நூலகத்தாரிடம் அவனைப் பற்றிச் சொல்லுங்கள்.