ஒன்பதே கால் ரூபாயில் ஒரு ரூபாய்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கல்வராயன் மலையில் சாலைப் பணிகளை மேற்பார்வையிடும் அரசுப் பொறியாளன் நான். கான்கிரீட் சோதனையை நம் கல்லூரி நன்றாகவே சொல்லிக்கொடுத்தது. கூலியைப் பற்றி ஒரு வகுப்புகூட நடந்ததாக ஞாபகம் இல்லை. அதனால் இன்று அதையே பேசுகிறேன்.

மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. 1976-ல்தான் முழுமையாக அரசின் கைக்கு வந்தது. அதுவரை மலைமக்கள் அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள். இது ராஜராஜன் காலத்துக் கதை இல்லை. முன்வரிசை அண்ணன்கள் பள்ளிக்கூடம் போன காலம்!

"அதான் முடிஞ்சுபோச்சே சார்" என்பீர்கள். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்காக நடந்த கட்டுமானங்களில் நாள் கூலி ரூ.9.25. அதில் ஒரு ரூபாயை ஜமேதார் கமிஷனாகப் பிடித்துக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால், அது அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி அந்த ஆண்டே தீர்ப்பு எழுதினார். ஒப்பந்தக்காரர் மேல் பழியைப் போட்டு அரசு ஒதுங்க முடியாது என்றும் சொன்னார். அதாவது, மேஸ்திரி பிடிக்கும் கமிஷனும் வெட்டி வேலையும் ஒரே ஜாதி.

1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, கூலி கொடுக்கும்போது வேலை கொடுத்தவரின் பிரதிநிதி நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. கூலி வங்கி வழியே போக வேண்டும். ஒப்பந்தக்காரர் தவறினால் நாம் கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்தம் செய்யும் பொறுப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் முன்பு 20 பேர் இருந்தாலே பாய்ந்த ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கு இப்போது 50 பேர் வேண்டும். மலைச்சாலை வேலைக்கு 50 பேர் எங்கே சேருகிறார்கள்? நல்லவேளை, குறைந்தபட்சக் கூலிக்கு ஆள் கணக்கு கிடையாது.

"பேங்க்ல போட்டாச்சு சார்" என்று பட்டியலை நீட்டினார் ஓர் ஒப்பந்தக்காரர். பட்டியல் படு சுத்தம். ஏடிஎம் அட்டைகள் எல்லாம் மேஸ்திரியின் சட்டைப்பையில்! ஜல்லி அள்ளிய ஓர் அம்மாவைத் தனியே கேட்ட பிறகுதான், கையில் பாதிகூட வரவில்லை என்று தெரிந்தது. பில்லை நிறுத்தினேன். போன்கள் வந்தன, அதை விடுங்கள். மூன்றாம் வாரம் அட்டைகள் அவரவர் கைக்கு வந்தன. பாக்கியில் கொஞ்சம்தான் வந்திருக்கிறது. மீதிக்குத் தொழிலாளர் துறைக்கு எழுதியிருக்கிறேன்.

தம்பிகளே, சைட்டுக்குப் போனால் மேஸ்திரி டீ குடிக்கப் போகும் நேரமாகப் பாருங்கள். "சம்பளம் வந்துச்சாம்மா?" என்று கேட்டால் "வந்துச்சு"ன்னுதான் சொல்வாங்க. "போன வாரம் கையில எவ்வளவு வந்துச்சு? கார்டு யார்கிட்ட இருக்கு?" என்று கேளுங்கள்.