கடல் காணாதவர்க்கும் கடல்



கோலசிலாங்கூரில் மலாவாத்திக் குன்றின்மீது ஏறி மேற்கே நோக்குவோர்க்கு மலாக்கா நீரிணை கண்ணெதிரே விரிந்து கிடக்கும். ஆயினும், அங்கிருந்து உள்ளே தள்ளி, புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் பால்மரத்தையும் செம்பனையையும் பார்த்தே வளர்ந்த நம்மவர் பலருக்குச் சமுத்திரம் என்பது மீனவருக்கும் மாலுமிக்கும் மட்டுமே உரிய விஷயமாகத் தோன்றி வந்திருக்கிறது. அந்த எண்ணம் பிழையானது.

1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வர்த்தகப் பயிராக நட்டார். மலாயாவில் அதுவே முதன்முறை. அன்று முதல் இன்றுவரை, தோட்டத்தில் வெட்டப்படும் குலையின் விலை, அதன் எண்ணெயைச் சுமக்கும் கப்பல்கள் அச்சமின்றிச் செல்வதையும் பொறுத்தே நிற்கிறது. 2005-ஆம் ஆண்டில், கடற்கொள்ளையர் பயத்தினால், லண்டன் காப்புறுதி வட்டாரத்தினர் இந்நீரிணையைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தனர். கப்பலுக்குக் காப்புறுதிக் கட்டணம் ஏறினால் சரக்குக் கூலி ஏறும். அந்தப் பாரம் விற்பவன் தலையிலோ வாங்குபவன் தலையிலோ இறங்கியே தீரும். மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று தேசங்களும் கூடிக் காவல் புரிந்ததன் பயனாக, 2006 ஆகஸ்டில் அப்பட்டியலிலிருந்து நீரிணையின் பெயர் நீக்கப்பட்டது.

கடற்கரையே இல்லாத லாவோஸ் நாட்டை எண்ணிப் பாருங்கள். ஆசியாவில் கப்பற்கொள்ளையை ஒடுக்குவதற்கென 2006 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வட்டார ஒப்பந்தத்தில் அதுவும் ஓர் உறுப்பு நாடு. தனக்கென ஒரு கடல் துறைமுகமும் இல்லாத தேசம் கடற்காவலில் அக்கறை கொள்வதற்குக் காரணம், அதன் ஏற்றுமதியும் இறக்குமதியும் அயல்நாட்டுத் துறைமுகங்களையும் பொதுக் கடலையும் நம்பியிருப்பதே. நிலம் சூழ்ந்த நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமை உண்டு என்று 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டுக் கடற்சட்ட உடன்படிக்கை விதித்திருக்கிறது. ஆனால் கடலே சீர்கெட்டுப் போனால் அந்த உரிமையால் விளையும் பயன் யாது?

வர்த்தகத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. லாவோஸின் நெல்வயலையும் நமது செம்பனையையும் நனைக்கும் பருவமழை கடலிலிருந்தே எழுகிறது. பூமியில் உற்பத்தியாகும் பிராணவாயுவில் ஏறக்குறையப் பாதியைக் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்த் தாவரங்களே உண்டாக்குகின்றன. கோலசிலாங்கூர்க் கரையோரத்துச் சதுப்புநிலக் காடுகள் மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் வளர்ப்பிடமாகவும், அலையின் வேகத்தைத் தணிக்கும் அரணாகவும் விளங்குகின்றன. கம்போங் குவாந்தானில் இரவுதோறும் ஒளிரும் மின்மினிகளும் சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களை நம்பியே உயிர்வாழ்கின்றன.

அந்த ஆறுதான் மலைநாட்டையும் தோட்டத்தையும் கடலோடு பிணைக்கிறது. வயலுக்கு மிகையாக இட்ட உரமும், ஆலையின் கழிவுநீரும், வாய்க்காலில் எறிந்த நெகிழிப் பையும் மழையில் கரைந்தும் மிதந்தும் ஆற்றில் சேர்ந்து, முடிவில் நீரிணையையே அடைகின்றன. ஆகவே, கடலைப் பார்த்திராதவனும் கடலுக்குத் தீங்கு செய்ய வல்லவன். அதனைக் காக்கவும் வல்லவன்.

தோட்ட நிர்வாகத்தினரே, சிறுதோட்டக்காரர்களே, ஆற்றோரத்து மரங்களை வெட்டாமல் விட்டு வையுங்கள். ஆலைக்காரர்களே, கழிவுநீரைச் சுத்திகரியாமல் வெளியே விடாதீர்கள். பள்ளி ஆசிரியர்களே, பிள்ளைகளைக் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்கு ஒருமுறையேனும் அழைத்துச் சென்று, இக்கடமையை இளமையிலேயே அவர்கள் உணரும்படி செய்யுங்கள். கடல் சம்ரட்சணை கரையில் வாழ்வோருக்கு மட்டும் விதித்த வேலையன்று. அதனால் வாழும் அனைவருக்கும் உரிய கடமையாகும்.