கடைசல் மரமும் உணர்விழந்த கையும்

(மருத்துவமனையின் தச்சுக் கூடத்தைப் பார்வையிட வந்த ஆதரவாளர்களுக்கு மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



உப்பைக் குறித்துப் பேசப் போதகர் ஒருவர் எழுந்தால் என்ன பிரசங்கம் வரும் என்பது உங்களுக்கு முன்னமே தெரியும். ஆகவே இன்று அந்தப் பிரசங்கத்தை விட்டுவிடுகிறோம். இந்த மேஜையின்மேல் உள்ள இரண்டு மரச் சாமான்களைப் பற்றி மாத்திரம் பேச விரும்புகிறோம். ஒன்று மிளகு மில், மற்றொன்று உப்பு மில். இரண்டும் இந்தக் கூடத்திலேயே லேத்தில் கடைந்தவை. ஒவ்வொருவரும் கையில் வாங்கி, தலையைத் திருகிப் பாருங்கள்.

நம் வீடுகளில் மிளகை அம்மியிலோ சிறு உரலிலோ நுணுக்குவதுதான் வழக்கம். அந்த வழக்கத்திலே நல்ல அறிவு இருக்கிறது. மிளகின் காரம் பொடியில் நெடுநாள் நிற்கும். அதன் மணமோ எளிதில் ஆவியாகிப் போகும் எண்ணெயில் இருக்கிறது. பொடித்த மாத்திரத்தில் அது பறக்கத் தொடங்கிவிடும். வேண்டியபோது வேண்டிய அளவு பொடித்துக்கொள்ளவே மேல்நாட்டார் சாப்பாட்டு மேஜையில் மில் வைத்தார்கள். உப்புக்கு இந்த நியாயம் பொருந்தாது. அதில் பறந்துபோக மணம் இல்லை. கல்லுப்பைத் தேவைக்கேற்பப் பருமனாகவோ பொடியாகவோ தூவலாம், மிளகு மில்லுக்கு ஒரு ஜோடியும் ஆயிற்று, அவ்வளவே.

பிரான்ஸ் தேசத்தில் ரம்பமும் எஃகுச் சாமான்களும் செய்துவந்த பெஜோ குடும்பத்தார், மோட்டார் வாகனம் செய்யும் காலத்திற்கு முன்பே, 1874-ல் மிளகு மில்லைச் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முன் 1840-லேயே காப்பிக்கொட்டை அரைக்கும் மில் செய்திருந்தார்கள். மிளகு மில்லின் அடியில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பல் வளையங்கள் உண்டு. மேலேயுள்ள பெரிய பற்கள் மிளகைப் பிடித்து உடைத்துக் கீழே தள்ளும். கீழேயுள்ள சிறிய பற்கள் அதைப் பொடியாக்கும். உச்சியிலுள்ள திருகை இறுக்கினால் பொடி நைசாகும், தளர்த்தினால் கரகரப்பாகும். சாதாரண எஃகுப் பல்லை உப்பு மில்லில் வைத்தால் துருப்பிடித்துவிடும். ஆகையால் உப்பு மில்லுக்குப் பீங்கான் பல் வைக்கிறோம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், மிளகு மில்லில் உப்பைப் போட்டுவிடாதீர்கள் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லியே கொடுக்கிறோம்.

அந்தப் பற்களை நாங்கள் வெளியிலிருந்து வாங்குகிறோம். மரவேலை முழுவதும் இங்கேதான் நடைபெறுகிறது. பூவரசு, வாகை, கட்டடத்தில் மிஞ்சிய தேக்கு ஆகியவற்றை 3 அங்குலச் சதுரக் கட்டைகளாக அறுக்கிறோம். பச்சை மரத்தை உடனே கடைந்து துளையிடக் கூடாது. மரம் காயும்போது நீளவாக்கில் மிகக் கொஞ்சமே சுருங்கும், குறுக்குவாக்கில் அதிகம் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது மற்றப் போக்கைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே இன்று வட்டமாகக் கடைந்த துளை சில மாதங்களில் முட்டை வடிவமாகிவிடும். தலை உடம்புக்குள் சிக்கிக்கொண்டு திரும்பாது. பொறுமையாகக் காயவைப்பதே இந்த வேலையின் முதற்படி.

காய்ந்த கட்டையை லேத்தில் இரு முனைகளிலும் பிடித்து, குழி உளியால் உருளையாக்குகிறோம். பின்பு தலைக்கென்று ஒரு பாகத்தை வெட்டிப் பிரிக்கிறோம். உடம்பின் அடியில் 1 5/8 அங்குல அகலத்தில் ஒரு பள்ளம், அதிலிருந்து உச்சிவரை 1 1/16 அங்குலத் துளை, தலையின் நடுவே கம்பி செல்ல 1/4 அங்குலத் துளை. நாங்கள் வாங்கும் பற்களுக்கு இதுவே அளவு. டிரில் முழு நீளத்திற்கும் எட்டாது. ஆகவே பாதித் துளையை ஒரு புறமும் மீதியை மறு புறமும் இட்டு, நடுவில் சந்திக்கச் செய்யவேண்டும். தலையின் அடியில் ஒரு குட்டைக் கழுத்து விட்டு, அது உடம்பின் துளைக்குள் சற்றே தளர்வாக உட்காரும்படி கடைகிறோம். மழைக்காலத்தில் மரம் ஊதினாலும் திரும்புவதற்கு அந்தத் தளர்வு வேண்டும். கடைசியாக இரண்டையும் சேர்த்து வைத்து வெளிவடிவத்தைக் கடைந்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெயும் தேன்மெழுகும் பூசுகிறோம். உட்புறத்தில் வார்னிஷ் பூசுவதில்லை.

இனி, இந்த வேலையைச் செய்கிறவர்களின் கைகளைப்பற்றிச் சொல்லவேண்டும்.

இங்கே உளி பிடிக்கும் சகோதரர்களில் சிலர் தொழுநோயிலிருந்து சுகமானவர்கள். 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, 6 மாதத்திலோ 12 மாதத்திலோ நோயைத் தீர்க்கிறது. ஆனால் சிகிச்சைக்கு வருமுன் கிருமி கெடுத்துவிட்ட நரம்பை மருந்து திரும்பக் கொண்டுவருவதில்லை. நோய் போய்விடும், மரத்த கை மரத்தபடியே நிற்கும். அக்கையில் வலி தெரியாது, சூடும் தெரியாது.

வேலூரில் ஊழியம் செய்த டாக்டர் பால் பிராண்ட் மருத்துவம் படிப்பதற்கு முன் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர். 1946-ல் அவர் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதாக அக்காலத்தில் பலரும் எண்ணியிருந்தார்கள். வலி தெரியாததினால் அன்றாட வேலையில் ஏற்படும் காயமும், அதைக் கவனியாமல் விடுவதால் வரும் புண்ணுமே விரல்களை அழிக்கின்றன என்று அவரும் அவரோடு உழைத்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள். சுகமானவர்கள் தொழில் கற்று வாழ வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பையும் ஏற்படுத்தினார்கள். அங்கே தச்சுக் கருவிகள் பிடித்த கைகளைப் பார்த்து அவர்கள் கற்ற பாடத்தையே நாங்களும் பின்பற்றுகிறோம்.

லேத்திலே இதற்கு ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. மரத்த கைக்காரர் அடுப்புப் பாத்திரத்தைத் துணியோ உறையோ இல்லாமல் தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறோம். லேத்திலோ கையுறை அணியவே கூடாது. 3 அங்குலக் கட்டை நிமிடத்திற்கு 1000 முறை சுழலும்போது அதன் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உறையின் நூல் ஒன்று மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். ஆகவே வெறுங்கையோடுதான் வேலை.

எங்களிடம் ஒரு சகோதரர் இருக்கிறார். அவர் பெயரைச் சொல்ல அவர் விரும்பவில்லை. உளி பிடிப்பதில் அவர் குறை வைத்ததில்லை. ஆபத்து உளியிலிருந்து வரவில்லை, உப்புத்தாளிலிருந்து வந்தது. சுழலும் மரத்தில் உப்புத்தாளை அழுத்தினால் உரசலில் சூடேறும். நம்மைப் போன்றவர்கள் சுரீரென்றதும் கையை எடுத்துவிடுவோம். அவருக்குச் சுரீரென்று சொல்ல ஒன்றுமில்லை. ஒருநாள் இரவு சாப்பாடு போட்ட அவர் மகள்தான், "அப்பா, விரல்லே என்ன கொப்புளம்?" என்று கேட்டாள். மூன்று விரல்களின் நுனி வெந்திருந்தது.

புண் ஆறியபின் டாக்டர் அவரிடம், "ஐயா, லேத்தை விட்டுவிடுங்கள், கணக்கெழுதும் வேலை தருகிறோம்" என்றார். டாக்டர் சொன்னது சரியே. அந்த விரல்களைக் காப்பது அவர் கடமை. அந்தச் சகோதரரோ, "டாக்டர் ஐயா, ஊரில் என்னை வியாதிக்காரன் என்றார்கள். இந்தப் பட்டறைக்கு வந்தபின்தான் கடைசல்காரர் என்று ஒருவர் கூப்பிட்டார். விரலைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள், வேலையை எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று கேட்டார். இதற்கு எளிய பதில் எங்களிடம் இல்லை. விரல் போனாலும் திரும்பாது, மானம் போனாலும் எளிதில் திரும்பாது.

டாக்டரும் தச்சு ஆசிரியரும் தெரப்பிஸ்டும் அவரும் கூடிப் பேசி ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார்கள். உளிகளின் பிடி நீளமாகவும் பருமனாகவும் மாற்றப்பட்டது, அழுத்தம் ஒரே இடத்தில் விழாது. உப்புத்தாளை விரலில் பிடிப்பதில்லை, தக்கை ஒட்டிய மரத்துண்டில் வைத்துப் பிடிக்கிறார். அப்போது லேத்தை வேகம் குறைத்து ஓட்டி, பத்து எண்ணியதும் கையை எடுக்கிறார். சூட்டை அவர் கை அறியாது, எண்ணிக்கையை அவர் மனம் அறியும். துளையிட்டு எடுத்த டிரில்லைத் தொடுவது பக்கத்திலுள்ளவரின் வேலை. மரத்தூளுக்கு முகக்கவசம் எல்லோருக்கும் கட்டாயம். ஒவ்வொரு மணிக்கும் மணி அடித்ததும் லேத் நிற்கும், இருவர் இருவராக ஒருவர் கையை மற்றவர் திருப்பிப் பார்ப்பார்கள். சிவப்போ வீக்கமோ தெரிந்தால் அன்று அவருக்கு லேத் இல்லை. இதில் தயவுதாட்சணியம் கிடையாது.

அதற்குப்பின் இதுவரை அவர் விரலில் புதிய புண் இல்லை. இனி வரவே வராது என்று நாங்கள் சொல்லமாட்டோம். மணி அடித்தும் கை பார்க்காமல் விட்டுவிடும் ஒரு நாள் போதும். அதனால்தான் நீங்கள் இங்கே சுற்றிப் பார்க்கையில் மணி அடித்து, வேலை நின்று, பெரியவர்கள் கை நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால், ஏதோ சோம்பல் என்று எண்ணவேண்டாம். மில்லின் விலையில் அந்த ஐந்து நிமிடங்களும் சேர்ந்தே இருக்கின்றன.

கடைசியாக, வாங்கிச் செல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடிக் கல்லுப்பு ஈரமாயிருந்தால் வெயிலில் நன்றாய்க் காயவைத்து மில்லில் இடுங்கள், இல்லாவிட்டால் பல் அடைத்துக்கொள்ளும். மில்லைத் தண்ணீரில் கழுவாதீர்கள், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கொதிக்கும் குழம்பின்மேல் பிடித்துத் திருகாதீர்கள், ஆவி ஏறிப் பொடி கட்டிக்கொள்ளும். இவற்றைக் கவனித்தால் அந்தச் சகோதரரின் வேலை உங்கள் மேஜையில் பல ஆண்டுகள் நிற்கும்.

இப்போது மணி அடிக்கும் நேரம் ஆகிறது. நீங்களும் அருகே வந்து பார்க்கலாம்.