லேசர் ஒளியும் இருவகை வலியும்



உடலில் தோன்றும் துன்பத்தைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள்! நோவு, எரிச்சல், காந்தல், குத்தல், குடைச்சல், கடுப்பு, சுருக்கென்று தைத்தல், விண்விண் என்று தெறித்தல் என அவை விரிந்துகொண்டே போகும். ஒன்று சொல்ல வேண்டிய இடத்தில் மற்றொன்றைச் சொன்னால், நம் வீட்டுப் பாட்டி உடனே திருத்திவிடுவாள். ஆனால் ஆங்கில மருத்துவப் படிவங்களிலோ இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக 'டிஸ்கம்ஃபர்ட்' என்ற ஒரே சொல் ஆளப்படுகிறது. சிகிச்சைக்கு இசைவு தெரிவிக்கும் தாளில், 'சிறிதளவு அசௌகரியம் நேரலாம்' என்று அச்சிட்டிருப்பார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இச்சொல்லிடத்து எனக்கு நெடுநாளாகவே ஐயம் உண்டு. எந்த அளவு சிறிது? எந்த வகை அசௌகரியம்? கையொப்பம் இடுமுன் இவ்விரண்டையும் அறிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டல்லவா?

லேசர் ஒளியைக் கொண்டு தோலில் செய்யப்படும் சிகிச்சைகளுள் இரண்டை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, வேண்டாத ரோமத்தைக் குறைப்பது. மற்றொன்று, பச்சை குத்தியதை அழிப்பது. தில்லி, மும்பை, கல்கத்தா போன்ற நகரங்களில் இவ்விரண்டுக்கும் விளம்பரங்கள் ஒரே பலகையில் காணப்படுகின்றன. ஆதலால் இரண்டும் ஒன்றே என எண்ணுவோர் பலர். உறவுப் பெண் ஒருத்தி முகவாயில் ரோமம் நீக்கிக்கொண்டு, 'எறும்பு கடித்தது போல் இருந்தது, அவ்வளவுதான்' என்று சொன்னதை நம்பி, முன்கையில் உள்ள பெரிய உருவத்தை அழிக்கப் போகும் இளைஞன் ஏமாற்றம் அடைவான்.

இவ்விளைஞரைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு ஆள் சேர்க்கும் அறிவிப்புகளில் பச்சை குத்துவது பற்றித் தனியே ஒரு பகுதி இடம்பெற்று வருகிறது. சமயச் சின்னங்களும் பெயரும் இருக்கலாம். ஆனால் இருக்குமிடம், வணக்கம் செலுத்தாத கையாகிய இடக்கை முன்கையின் உட்புறமாகவோ புறங்கையாகவோ இருத்தல் வேண்டும். அளவும் அவ்வுறுப்பின் நான்கில் ஒரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இவ்விதியை எழுத்துத் தேர்வில் தேறிய பின்னரே பலர் படிக்கின்றனர். வலக்கையில் தேள் உருவமோ, கழுத்தில் ஒரு பெயரோ கொண்டவர்கள், உடல் தகுதித் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது மருத்துவரைத் தேடி ஓடுகின்றனர். எங்கள் குடியிருப்பிலேயே அத்தகைய இளைஞர் ஒருவரைக் கண்டேன். அவர் முதலில் கேட்டது, 'வலிக்குமா?' என்பது. அவர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'எத்தனை மாதம் ஆகும்?' என்பதாகும். இரண்டுக்கும் விடை ஓரிடத்திலேயே இருக்கிறது. அதற்கு இவ்வொளி வேலை செய்யும் விதத்தை அறிதல் வேண்டும்.

1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அறிஞர் தியோடர் மைமன், மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதனைத் தோலின்மீது பயன்படுத்திப் பார்க்கத் தொடங்கினார். எனினும், சுற்றியுள்ள தோலைச் சுடாமல் குறித்த பொருளை மட்டும் சுடும் உபாயம் 1983-இல்தான் தெளிவுற்றது. ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர் அவ்வாண்டில் அதன் தத்துவத்தை வெளியிட்டனர். கரிய பொருள் ஒளியை மிகுதியாக உண்ணும். உண்ட ஒளி வெப்பமாகும். அவ்வெப்பம் பக்கத்தில் பரவுமுன் ஒளியை நிறுத்திவிட்டால் பக்கத்துத் தோல் தப்பும். தத்துவம் இவ்வளவே. இனி, எதைச் சுட வேண்டுமோ அதன் பருமனுக்கு ஏற்ப, ஒளி நிற்கும் நேரமும் மாறும்.

ரோமத்தில் சுட வேண்டுவது அதன் தண்டிலும் வேரிலும் உள்ள கரிய நிறமியை. அந்நிறமியிலிருந்து வெப்பம் சற்றே பரவி, ரோமத்தை மீண்டும் முளைக்கச் செய்யும் உயிரணுக்களைத் தாக்க வேண்டும். ஆகவே நொடியில் ஆயிரத்தில் சில பங்கு முதல் சில பத்துப் பங்கு வரை ஒளி நிற்கிறது. பச்சையிலோ, சுட வேண்டுவது தோலின் உள்ளடுக்கில், உயிரணுக்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும் மைத்துகளை. அவை மிக நுண்ணியவை. எனவே நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நிற்கும் ஒளித்துடிப்புத் தேவைப்படுகிறது. அண்மைக் காலக் கருவிகளில் அதுவும் குறைந்து, லட்சம் கோடியில் சில நூறு பங்கு என்ற அளவுக்கு வந்திருக்கிறது. முப்பது மில்லி நொடியையும் பத்து நானோ நொடியையும் ஒப்பிட்டால் முன்னது பின்னதைப் போல் முப்பது லட்சம் மடங்கு நீண்டதாகும்! அவ்வளவு குறுகிய கணத்தில் வந்து தாக்கும் ஒளி மைத்துகளைச் சூடேற்றுவதோடு நிற்பதில்லை. அதிர்வலை எழுப்பி அவற்றை உடைத்துச் சிதறடிக்கிறது. சிகிச்சை நடக்கும்போது 'படக் படக்' என்று ஓசை கேட்கும். சுட்ட இடம் உடனே வெண்ணிறம் பூத்து நிற்கும். உள்ளே நீர் ஆவியாகி எழுந்த நுண்குமிழ்களே அவ்வெண்மைக்குக் காரணம். சிறிது நேரத்தில் அது அடங்கிவிடும்.

இனி வலிக்கு வருவோம். ரோம சிகிச்சையில், ரப்பர் வளையத்தை இழுத்துத் தோலில் சுண்டிவிட்டாற்போல் ஒரு சுருக்கு, அதன் பின்னே சிறு வெம்மை. மருத்துவ நூல்கள் பலவும் இவ்வுவமையையே சொல்கின்றன. பச்சை அழிப்பில் அதே சுண்டுதல் பன்மடங்கு கடுமையாக வரும். அதனோடு, கடுகு தாளிக்கையில் புறங்கையில் எண்ணெய் தெறித்தாற்போன்ற காந்தலும் சேரும். பச்சை குத்திக்கொண்ட போது பட்ட வலியைவிட இது மிகுதி என்போர் பலர். இதில் ஓர் ஆறுதல், உள்ளங்கை அளவுள்ள உருவம் என்றால் ஒரு தடவைச் சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டு கால்களிலும் ரோமம் நீக்குவதாயின், சுண்டுதல் ஒவ்வொன்றும் சிறிதே ஆனாலும், நெடுநேரம் படுத்துப் பொறுக்க வேண்டியிருக்கும். மென்மையான வலி நீடிப்பதா, கொடிய வலி விரைவில் முடிவதா என்ற வினாவுக்கு ஒவ்வொருவரும் தத்தம் இயல்புக்கு ஏற்பவே விடை சொல்வர்.

உடம்பின் எந்த இடம் என்பதும் பெரிது. ரோமத்தைப் பொறுத்தவரை, மேலுதடும் அக்குளும் மறைவிடமும் அதிகம் நோகும். அடர்ந்து தடித்த ரோமம் உள்ள இடத்தில் நிறமி மிகுதி. ஆதலால் வெப்பமும் மிகுதி. சிகிச்சை செல்லச் செல்ல ரோமம் அருகுவதால் வலியும் தணியும். பச்சையில், எலும்பின்மேல் தோல் மெலிந்து கிடக்கும் கணுக்காலும் விலாவும் விரலும் பொறுக்க முடியாதவை. மை அடர்ந்திருக்கும் முதல் ஓரிரு தடவைகளே மிகக் கடினம்.

உண்மையான வேற்றுமை அன்று மாலைக்குப் பின்னரே தெரியவரும். ரோமம் நீக்கியவருக்குத் துளைகளைச் சுற்றி மிளகுபோல் சிவந்து தடித்து, சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் அடங்கும். அடுத்த நாள் அலுவலகம் போகலாம். பச்சை அழித்தவருக்கோ அது ஒரு தீப்புண். வீங்கும், கொப்புளம் எழும்பலாம், பொருக்குத் தட்டும், ஆறுவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். பொருக்கைக் கிள்ளினால் வடு நிலைக்கும். 'சிறிதளவு அசௌகரியம்' என்ற சொற்றொடர் இவ்விரண்டு வாரத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டுவிடுகிறது என்பதே என் குறை.

நம்மவரின் தோல் நிறம் பற்றியும் ஒரு சொல். கரிய பொருளே ஒளியை உண்ணும் என்றேன். மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் மேலடுக்கிலேயே நிறமி உண்டு. ரோமத்துக்கும் மைக்கும் உரிய ஒளியில் ஒரு பங்கை அது இடைமறித்துக்கொள்ளும். வலி கூடுவதும், கொப்புளமும் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் தோன்றுவதும் இதனால்தான். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள கருவி மேல்நிறமியைப் பெரும்பாலும் கடந்து ஆழத்துக்குச் செல்வதால், கருநிறத்தோர்க்கு அதுவே பாதுகாப்பு மிக்கது. எந்தக் கருவி, எந்த அலைநீளம் என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். வெயிலில் கறுத்த தோலோடு சிகிச்சைக்குச் செல்லலாகாது. இவ்வகையில் வடநாட்டுக் குளிர்காலம் நமக்கு ஒரு வரம். முழுக்கைச் சட்டையும் மங்கிய வெயிலும் கூடிய அந்நான்கு மாதமே தொடங்குவதற்கு ஏற்ற காலம். சித்திரை வெயிலில் தில்லித் தெருக்களில் நடந்து செல்பவர் சற்றுப் பொறுத்திருப்பதே நலம்.

மரக்கச் செய்யும் களிம்பு பற்றி எச்சரிக்காமல் விட முடியவில்லை. லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த களிம்பைப் பூசி, மெல்லிய தாளால் மூடி, ஒரு மணி நேரம் வைத்தால் வலி வெகுவாகத் தணியும். சிறிய இடத்துக்கு, மருத்துவர் அளந்து கொடுத்தால் நல்லதே. ஆனால் 'பெரிய இடம், நிறையப் பூசிக்கொள்வோம்' என்று வீட்டிலிருந்தே கால் முழுவதும் பூசி மூடிக்கொண்டு செல்வது உயிருக்கு ஆபத்து. மருந்து இரத்தத்தில் கலந்து வலிப்பும் இதயத் துடிப்பில் தடுமாற்றமும் நேரும். அமெரிக்காவில் ரோம சிகிச்சைக்காக இவ்வாறு செய்துகொண்ட இளம் பெண்கள் உயிர் இழந்ததை அடுத்து, 2007-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பொதுமக்களை எச்சரித்தது. மேலும் ரோம சிகிச்சையில் வலி ஒரு காவலாளியும் ஆகும். சுருக்கென்று வந்து மறைவது இயல்பு. தோல் முழுதும் விடாமல் எரிந்தால் கருவியின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது பொருள். முற்றிலும் மரத்த தோல் அதைச் சொல்லாது. குளிர்ந்த காற்றும் குளிர்ந்த கண்ணாடி முனையும் இதைவிட நல்ல துணை.

எத்தனை தடவை என்ற கேள்விக்கு வருகிறேன். ரோமம் வளரும் பருவத்தில் இருக்கும்போதுதான் ஒளிக்கு அகப்படும். எல்லா ரோமமும் ஒரே காலத்தில் வளர்வதில்லை. ஆதலால் நான்கு முதல் எட்டு வாரம் இடைவிட்டு ஆறு அல்லது எட்டுத் தடவை வேண்டியிருக்கும். இதனை 'நிரந்தர நீக்கம்' என்று விளம்பரம் கூறினும், 'நிலையான குறைப்பு' என்பதே அமெரிக்க நிர்வாகம் ஒப்புக்கொண்ட தொடர். நரைத்த ரோமத்துக்கு இதனால் பயன் இல்லை. நிறமியே இல்லாத இடத்தில் ஒளி எதைப் பற்றும்? சினைப்பையில் நீர்க்கட்டித் தொல்லை உள்ள பெண்களுக்கு அதற்குரிய மருத்துவமும் உடன் நடைபெற்றால்தான் பலன் நிலைக்கும்.

பச்சைக்கு ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி வேண்டும். உடைந்த மைத்துகளை உடலே மெல்ல அகற்ற வேண்டும். அதனை விரைவுபடுத்த முடியாது. நம் கிராமங்களில் குறத்தியர் கரியால் குத்திய பழைய கோலங்களும், மத்தியப் பிரதேசத்துப் பைகா மகளிர் உடலெங்கும் தரிக்கும் 'கோத்னா'வும் கரிநிறமே ஆதலால் லேசருக்கு இணங்குவன. கடையில் கருவியால் குத்திய பல வண்ண உருவங்களே பிடிவாதம் செய்வன. சிவப்புக்கு ஒரு கருவி, பச்சைக்கும் நீலத்துக்கும் வேறொரு கருவி. மஞ்சளும் வெள்ளையும் எளிதில் அசையா. பத்துத் தடவைக்கு மேல் ஆவதும் உண்டு. பத்துத் தடவை, ஆறு வாரம் இடைவெளி என்று வைத்துக்கொண்டால் ஓராண்டைக் கடந்துவிடுகிறது. ஆகவே படையில் சேர எண்ணும் இளைஞர்கள், அவ்வாண்டு அறிவிப்பின் விதியை முதலில் படித்து, விண்ணப்பிப்பதற்கு ஓராண்டு முன்னரே தொடங்க வேண்டும். அவசரத்தில் அமிலத்தையோ சூடிட்ட இரும்பையோ நாடுவோரும் உளர். அவர்களுக்குப் பச்சை போய் வடு எஞ்சும்.

இறுதியாக, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்று ஒன்று. மேசையில் படுத்திருக்கும்போது கருவியைக் கையாள்பவருக்கு இந்தியில் சொல்ல வேண்டிவரும். எல்லாவற்றுக்கும் 'தர்த்' என்று சொல்லிவிடாதீர்கள். அது பொதுவான வலி. எரிச்சலுக்கு 'ஜலன்' என்பார்கள், குத்தலுக்கு 'சுபன்', விட்டுவிட்டுத் தெறிக்கும் வலிக்கு 'டீஸ்'. 'ஜலன்' ஓயவில்லை என்றால் அக்கணமே கையை உயர்த்திச் சொல்லுங்கள்.