வாய்க்குள் தோன்றும் கறுப்பு

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல் வைத்தியத் துறையில் இருக்கும் பழைய மாணவிகள் நாங்கள் சிலர் சேர்ந்து இந்த உரையைத் தயாரித்தோம்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி, கிண்ணியா, மூதூர் வரை, வெற்றிலைத் தட்டம் எல்லோருக்கும் பழக்கமான பொருள். இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் என்றால் பயப்பட வேண்டும் என்று நாம் அறிவோம். ஆனால் கறுப்புத் திட்டை யாரும் கவனிப்பதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எங்களில் பலருக்கு முரசு இயல்பாகவே கறுப்பு. அது சிறுவயதிலிருந்தே, இரு பக்கமும் ஒரேமாதிரி இருக்கும். உலோகக் கலவையால் அடைத்த பல்லின் அருகே நீலக்கறுப்புப் புள்ளி விழலாம். புகைத்தலாலும் சில மருந்துகளாலும் நிறம் மாறலாம். இவை புற்றுநோய் அல்ல.

மெலனோமா வேறு. நிறமிக் கலங்களில் தொடங்கும் இந்நோய், வாய்ப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றுகூட வராது. வெற்றிலை போடாதவர்களுக்கும் வரும். பெரும்பாலும் மேலண்ணத்திலும் மேல் முரசிலும் தோன்றும். தொடக்கத்தில் வலிக்காது. அதனால்தான் பலர் பிந்தி வருகிறார்கள். பிந்தினால் காப்பாற்றுவது கடினம்.

புதிதாகத் தோன்றியது, ஒரு பக்கம் மட்டும் இருப்பது, ஓரம் ஒழுங்கற்றது, நிறம் கலந்தது, பரவுவது, தடிப்பது, இரத்தம் கசிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். சிலவேளை நிறமே இல்லாமல் சிவந்த கட்டியாகவும் வரும்.

கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது. சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். பேராதனைப் பல் மருத்துவ பீடத்தின் வாய் நோயியல் பிரிவுக்கு நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் இத்தகைய துண்டுகள் போகின்றன. ஐயமிருந்தால் எஸ்-100, எச்எம்பி-45 போன்ற விசேட சாயப் பரிசோதனைகள் உதவும். வேறிடத்தில் தொடங்கி வாய்க்குப் பரவியதா என்று அறிய, உள்ளங்கால் வரை தோலையும் பார்ப்பார்கள்.

வாயைப் பார்ப்பது நிபுணர்களுக்கு மட்டுமான வேலையல்ல. 1984இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், ஆரம்ப சுகாதார ஊழியர்களே 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைப் பார்த்து, சந்தேகமானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள்.

எங்கு வாழ்ந்தாலும், அடுத்தமுறை அம்மாவை, அம்மம்மாவைப் பார்க்கும்போது, பல் செட்டைக் கழற்றச் சொல்லி, டோர்ச் அடித்து அண்ணத்தைப் பாருங்கள். செட்டின் கீழே மறைந்திருப்பது அவர்களுக்கே தெரியாது. புதிய கறுப்பு கண்டால் இரண்டு கிழமைக்குள் பல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.